நீர் அழுத்தம்: திருப்தி

போன வருஷம் அக்கா ஒரு பழைய ஃபிளாட் வாங்கினாள். மேடவாக்கம் பக்கம். கீழே கார் நிறுத்தம், மேலே நாலு மாடி. இவர்களுடையது நாலாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். கட்டடத்துக்கு வயசு பதினெட்டு. வாங்குவதற்கு முன் மாமா உருப்படியாக ஒரு காரியம் செய்தார். வீட்டைச் சோதித்து ரிப்போர்ட் கொடுக்கிற ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டி ஆள் வரவழைத்தார். இரண்டு நாளில் 62 பக்க பிடிஎஃப் வந்தது. சுவரில் ஈரம் எங்கே என்று காட்டும் வெப்பப் படங்கள், ஒவ்வொரு ஸ்விட்ச் போர்டுக்கும் ஒரு படம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணக் கட்டங்கள்.

அக்கா அதை வாட்ஸாப்பில் அனுப்பி, "நீதானே இன்ஜினியர், ஒரு தடவை படிச்சுப் பாருடா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படித்தேன். மின்சார எர்த்திங் பற்றி இரண்டு கேள்வி கேட்டேன். பால்கனிச் சுவரில் ஓதம் இருப்பதைச் சொல்லி விலையில் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். பிளம்பிங் பக்கத்தில் இருந்த இந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்:

நீர் அழுத்தம்: திருப்தி. அளவுகோல்: 40 முதல் 60 பிஎஸ்ஐ.

பக்கத்தில் ஒரு படம். சமையலறைக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. கட்டம் பச்சை. நானும் மனசுக்குள் ஒரு பச்சை டிக் போட்டேன். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் உண்டு: கோடைப் படிக்காமல் 'நல்லா இருக்கு' என்று ரிவ்யூவில் எழுதி ஒப்புதல் கொடுப்பது.

அந்த ஒரு வரி பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்த நிறுவனத்தைத் திட்டுவதற்காக எழுதவில்லை. அதற்குப் பிறகு நண்பர்களிடம் கேட்டு வாங்கிப் பார்த்த நாலு ரிப்போர்ட்டிலும் ஏறத்தாழ இதே வரி இருந்தது. ஒரே வரி இத்தனை இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அது ஒரு ஆளின் கவனக்குறைவு இல்லை, ஒரு முறையின் கோளாறு.

என்ன நடந்தது

குடிபோன முதல் வாரமே ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. காலை ஏழு மணிக்கு, நாலு வீடும் குளிக்கிற நேரத்தில், அதுவும் இல்லை. பிளம்பர் வந்து பார்த்தார். "மேல் வீடுன்னா இப்படித்தான் சார் இருக்கும். ஒரு பிரஷர் பம்ப் போட்டுட்டா பிச்சுக்கிட்டு வரும்" என்றார். மாமா என்னைக் கேட்டார். நானும் சரி என்றேன். ஒரு மாசத்தில் இரண்டாவது தடவையாக நான் படிக்காமல் போட்ட ஒப்புதல்.

பம்ப் போட்டதும் உண்மையிலேயே பிச்சுக்கொண்டு வந்தது. மூன்றாவது வாரம் கீழ் வீட்டு அம்மா மாடியேறி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தனியாக இருப்பவர். "கோவிச்சுக்காதம்மா, எங்க பாத்ரூம் சீலிங்ல சொட்டுது" என்றார். அக்கா வீட்டுக் குளியலறைத் தரைக்கு அடியில் போகிற பதினெட்டு வருஷத்து ஜிஐ பைப்பின் ஒரு இணைப்பு, இத்தனை காலம் தாங்கிய சின்ன அழுத்தத்துக்குப் பழகியது, புது பம்பின் அழுத்தம் தாங்காமல் விட்டுவிட்டது. தரையை உடைத்தோம், டைல்ஸ் போனது, கீழ் வீட்டு சீலிங்கைச் சரிபண்ணிக் கொடுத்தோம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஆன செலவு, பரிசோதனைக்குக் கட்டிய பணத்தைப் போல ஏழு மடங்கு.

அந்தப் பச்சைக் கட்டத்துக்கு நான் திரும்பிப் போனது அப்போதுதான்.

40 எங்கிருந்து வந்தது

பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு அழுத்துகிறது என்கிற கணக்கு. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் தன் அடியில் கொடுப்பது சுமார் 1.42 பிஎஸ்ஐ. பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனால் ஒரு பார். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது இதில் கணக்கே இல்லை, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஐந்நூறு லிட்டர் சின்டெக்ஸும் ஐயாயிரம் லிட்டர் சின்டெக்ஸும் நீர்மட்டம் ஒரே உயரத்தில் இருந்தால் ஒரே அழுத்தம்தான். 'பெரிய டேங்க் வச்சா ஃபோர்ஸா வரும்' என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர்.

40 என்ற எண் அமெரிக்காவின் குடியிருப்புக் கட்டட விதிகளில் இருக்கிறது. அங்கே பல மாநிலங்கள் பின்பற்றும் அந்த மாதிரி விதி, வீட்டுக்குள் தண்ணீர் நுழைகிற இடத்தில் குறைந்தது 40 பிஎஸ்ஐ இருக்கணும் என்கிறது. 80-ஐத் தாண்டினால் அழுத்தம் குறைக்கும் வால்வு போட வேண்டும் என்கிறது. அங்கே அது அர்த்தமுள்ள எண். ஊரின் குடிநீர்க் குழாய் இருபத்து நாலு மணி நேரமும் அழுத்தத்தோடு இருக்கிறது, அதே அழுத்தம் நேராக வீட்டுக்குள் வருகிறது. பரிசோதகர் தோட்டத்துக் குழாயில் ஒரு கேஜைத் திருகி மாட்டினால் வீட்டின் அழுத்தம் தெரிந்துவிடும்.

நம்ம ஊர் அடுக்குமாடியில் என்ன நடக்கிறது? மெட்ரோ வாட்டரோ லாரியோ போரோ, தண்ணீர் முதலில் சம்ப்பில் விழுகிறது. விழுந்த நொடியில் தெருவின் அழுத்தம் கதை முடிந்தது. பிறகு மோட்டார் அதை மொட்டை மாடிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து வெறும் உயரத்தின் பலத்தில் கீழே இறங்குகிறது. ஆக, வீட்டுக்குள் வரும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது டேங்குக்கும் குழாய்க்கும் உள்ள உயர வித்தியாசம் மட்டும்.

இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். டேங்கின் வெளியேறும் குழாயிலிருந்து அக்கா வீட்டு ஷவர் வரை செங்குத்தாக 2.6 மீட்டர். டேங்குக்குள் தண்ணீர், மோட்டார் ஓடுவதற்கு முன் 0.3 மீட்டர், நிரம்பியதும் 1.2 மீட்டர். எனவே ஷவருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச உயரம் 2.9 முதல் 3.8 மீட்டர் வரை. பிஎஸ்ஐயில் நாலிலிருந்து ஐந்தரைக்குள்.

அளவுகோல் 40. இருப்பது 5. முடிவு: திருப்தி!

சரி, மேல் வீடு என்பதால் இப்படியா? அதே கட்டடத்தில் முதல் மாடியைப் பார்க்கலாம். மூன்று மாடி கீழே, மாடிக்கு மூன்று மீட்டர், ஆக ஒன்பது மீட்டர் கூடுதல். அப்போதும் 17, 18 பிஎஸ்ஐதான். 40 வேண்டுமென்றால் டேங்க் அந்தக் குழாய்க்கு 28 மீட்டர் மேலே இருக்க வேண்டும், அதாவது ஒன்பது மாடிக்கும் மேலே. பம்ப் இல்லாத நாலு மாடிக் கட்டடம் எதுவும் இந்த அளவுகோலில் தேறாது. சென்னையில் பாதி வீடு அப்படிப்பட்ட கட்டடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் அரசின் கையேடே வேறு எண்ணைச் சொன்னது. மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு 1999-ல் வெளியிட்ட குடிநீர் வழங்கல் கையேட்டில், தெருக் குழாயிலிருந்து வீட்டு இணைப்பு பிரியும் இடத்தில் இருக்க வேண்டிய அழுத்தம் ஒரு மாடிக் கட்டடத்துக்கு 7 மீட்டர், இரண்டு மாடிக்கு 12, மூன்று மாடிக்கு 17. அந்த 17 மீட்டரே 24 பிஎஸ்ஐதான். அதாவது தெருவில் இருக்கணும் என்று நாமே வைத்துக்கொண்ட இலக்கைவிட அதிகமானதை, மொட்டை மாடி டேங்குக்கு எட்டரை அடி கீழே இருக்கும் ஷவரில் எதிர்பார்க்கிறது அந்த ரிப்போர்ட். எதிர்பார்த்துவிட்டு, கிடைத்ததாகவும் எழுதுகிறது.

எண்ணை எடுத்தார்கள், முறையை விட்டார்கள்

பரிசோதகரை போனில் பிடித்தேன். சின்ன வயசுப் பையன், மரியாதையாகப் பேசினார்.

"சார், அந்த அளவுகோல் டெம்ப்ளேட்லயே வர்றது. நாங்க டேப்பைத் திறந்து பாப்போம். நல்லா வந்தா திருப்தின்னு போடுவோம்."

"எந்த டேப்?"

"கைக்குக் கிட்ட இருக்கிற டேப்தான் சார். மூணு மணி நேரத்துல நூத்தி எண்பது பாயின்ட் பாக்கணும்."

அவர் பொய் சொல்லவில்லை. தண்ணீர் 'நல்லா' வந்தது, படமும் எடுத்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் கொடுத்த படிவம்மேல்தான் கோபம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டுப் பரிசோதகர்களின் சர்வதேசச் சங்கமான இன்டர்நாச்சியின் செயல்முறைத் தரத்தை எடுத்துப் படித்தேன். வட அமெரிக்காவில் பெரிய சங்கம் அது. அழுத்தத்தையோ ஓட்டத்தையோ துல்லியமாக அளந்து சொல்லும் கடமை பரிசோதகருக்கு இல்லை என்று அது தெளிவாகவே விலக்கு கொடுக்கிறது. ஆனால் இன்னொன்று கேட்கிறது: இரண்டு குழாய்களை ஒரே நேரத்தில் திறந்துவிட்டு ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார். எண் வேண்டாம், இரண்டு குழாய் வேண்டும்.

நம் ரிப்போர்ட் எடுத்துக்கொண்டது விதியிலிருந்து எண்ணை. விட்டுவிட்டது பரிசோதகர் சங்கத்தின் முறையை. எண் இங்கே பொருந்தாது, முறை எங்கேயும் பொருந்தும். சரியாகத் தலைகீழாக இறக்குமதி பண்ணியிருக்கிறார்கள்.

ஒரு குழாயைத் திறந்து பார்ப்பதில் என்ன தப்பு? எங்கள் மொழியில் சொன்னால், ஒரே ஒரு யூசரை வைத்து சர்வரைச் சோதித்துவிட்டு 'தாங்கும்' என்று கையெழுத்துப் போடுவது. தண்ணீர் ஓடாதபோது குழாயில் இருக்கும் அழுத்தம் வேறு, ஓடும்போது மிஞ்சும் அழுத்தம் வேறு. ஓடும்போது குழாயின் உட்சுவரோடு உரசி, ஒவ்வொரு வளைவிலும் வால்விலும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் செலவாகிறது. ஓட்டம் கூடக் கூட இந்தச் செலவு அதைவிட வேகமாகக் கூடும். குழாய் குறுகினால் இன்னும் மோசம்: முக்கால் அங்குலக் குழாயில் போகிற அதே தண்ணீரை அரை அங்குலக் குழாயில் அனுப்பினால் இழப்பு சுமார் ஏழு மடங்கு. உள்ளே துரு ஏறிய ஜிஐ பைப் என்பது வெளியே முக்கால், உள்ளே அரை.

அப்புறம், அவர் திறந்த குழாய் எது? சமையலறைக் குழாய். ஷவரைவிட 1.1 மீட்டர் கீழே இருக்கிறது, எனவே அந்த அளவு அழுத்தம் கூடுதல். டேங்கிலிருந்து இறங்கும் குழாய்க்கு மிகப் பக்கம். அன்று பகல் பதினொரு மணி, மற்ற வீடுகளில் யாரும் குளிக்கவில்லை. காலையில் மோட்டார் ஓடி டேங்க் நிறைந்திருந்தது. ஒரு வீட்டின் தண்ணீர் எவ்வளவு நன்றாக இருக்க முடியுமோ அவ்வளவு நன்றாக இருக்கும் இடத்தையும் நேரத்தையும் பார்த்துச் சோதித்திருக்கிறார்கள், தெரியாமலே.

கேஜ் வாங்கினால் சரியாகிவிடுமா

முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஹார்டுவேர் கடையில் 0 முதல் 10 பார் வரை காட்டும் கேஜ் ஒன்று வாங்கினேன். முகப்பில் 2.5 என்று சின்னதாகப் போட்டிருந்தது. அது அதன் துல்லிய வகுப்பு: முழு அளவில் இரண்டரை சதவீதம் தப்பலாம் என்று அர்த்தம். பத்து பாரில் இரண்டரை சதவீதம் கால் பார். அக்கா வீட்டு ஷவரில் இருப்பதே 0.28 முதல் 0.37 பார். அளக்க வேண்டியதும் அளவின் பிழையும் ஏறத்தாழ ஒன்று. முள் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். அதைப் படம் பிடித்து ரிப்போர்ட்டில் போட்டிருந்தால் இன்னும் நம்பகமாகத் தெரிந்திருக்கும், இன்னும் அர்த்தமில்லாமல் இருந்திருக்கும்.

கடைசியில் உதவியது வாளி. பத்து லிட்டர் வாளி, போனில் ஸ்டாப்வாட்ச். பம்பை அணைத்து, அதை ஒதுக்கிப் பழைய குழாய் வழியே தண்ணீர் வரவிட்டு அளந்தது இது.

சமையலறைக் குழாய் தனியாக: 55 விநாடி. ஷவர் தனியாக: 2 நிமிஷம் 40 விநாடி. சமையலறைக் குழாய் திறந்திருக்கும்போது ஷவர்: 4 நிமிஷம்.

இந்த மூன்று எண்ணையும் அக்காவிடம் காட்டினேன். 40 பிஎஸ்ஐ அவளுக்குப் புரியவில்லை, இது உடனே புரிந்தது. "குக்கர் கழுவும்போது நீ குளிக்கப் போனா ஒரு வாளிக்கு நாலு நிமிஷம் நிக்கணும், அதானே?" அதேதான்.

ஆனால் வாளி, குறை இருக்கிறது என்றுதான் சொல்லும். எங்கே என்று சொல்லாது. அதற்குக் கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப் கைகொடுத்தது. பால்கனியில் வாஷிங் மெஷினுக்கான குழாயில் கண்ணாடி மாதிரித் தெரியும் டியூபை மாட்டி, மறு முனையைக் கட்டடத்தின் வெளிப்பக்கமாக மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு கம்பில் கட்டினோம். எல்லாக் குழாயும் மூடியிருந்தபோது டியூபில் தண்ணீர் டேங்கின் நீர்மட்டத்துக்கே ஏறி நின்றது. நிற்கத்தான் வேண்டும். பிறகு மாமாவை ஷவரையும் சமையலறைக் குழாயையும் திறக்கச் சொன்னேன். டியூபில் தண்ணீர் கண்ணெதிரே 1.8 மீட்டர் இறங்கியது.

அந்த 1.8 மீட்டர்தான் மொத்தக் கதையும். நாலு மீட்டருக்கும் குறைவான சொத்தில் கிட்டத்தட்ட பாதி, வீட்டுக்குள் பிரிவதற்கு முன்னாலேயே, டேங்கிலிருந்து இறங்கும் பழைய பைப்பிலேயே போய்விடுகிறது. மேல் வீடு என்பது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. பம்ப் போட்டது எப்படிப்பட்ட தப்பு என்றும் அப்போது புரிந்தது. அடைத்திருந்த பைப்பை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த பழைய இணைப்புகளுக்கு மட்டும் பல மடங்கு அழுத்தம் கொடுத்திருக்கிறோம்.

பிளம்பரை மறுபடி கூப்பிட்டு டேங்கிலிருந்து இறங்கும் பைப்பையும் அதன் கேட் வால்வையும் மாற்றினோம், வளைவுகளைக் குறைத்து ஒரு அங்குல சிபிவிசியில். டியூபில் இறக்கம் அரை மீட்டருக்கு வந்தது. ஷவர் தலையையும் மாற்றினோம். கடையில் விற்கும் பல ஷவர்களின் அட்டவணையில் ஓட்டத்தை 3 பார் அழுத்தத்தில் போட்டிருப்பார்கள். அழுத்தம் பத்தில் ஒன்றானால் ஓட்டம் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே போகும். நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் என்று போட்டிருப்பது நம் வீட்டில் மூன்று லிட்டர் கொடுக்கும். துளை பெரிதாக, தடை குறைவாக இருக்கும் சாதாரண ஷவரைப் போட்டோம். இப்போது பத்து லிட்டருக்கு 1 நிமிஷம் 50 விநாடி. பம்ப் பரணில் இருக்கிறது.

வேகமாக வருவதும் குறைதான்

'நல்லா வந்தா திருப்தி' என்ற அளவுகோலுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. இருபது மாடிக் கட்டடத்தில் கீழ்த் தளத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். டேங்க் அறுபது மீட்டர் மேலே. நடுவில் அழுத்தம் குறைக்கும் வால்வு இல்லாவிட்டால், அல்லது இருந்தும் பழுதாகியிருந்தால், 85 பிஎஸ்ஐ. குழாயைத் திறந்தால் அருவி. கண்ணால் பார்க்கிற பரிசோதகர் அதற்கு மிகப் பச்சையான பச்சை கொடுப்பார். உண்மையில் அங்கே குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் 'டொம்' என்று சத்தம் கேட்கும், வாஷர் சீக்கிரம் தேயும், வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் பின்னல் டியூப் ஒரு நாள் ராத்திரி வெடிக்கும். கீசரின் தகட்டில் அது தாங்கும் அழுத்தம் 6.5 பார், 8 பார் என்று எழுதியிருக்கும், அதைக் கட்டடத்தின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த மாதிரி வீட்டில்தான் கேஜ் உண்மையிலேயே உபயோகப்படும். ஆறு பாரைக் கால் பார் பிழையோடு சொன்னால் போதும்.

ஆக, மேல் மாடியில் கண் ஏமாறுகிறது, கேஜும் உதவாது. கீழ் மாடியில் கண் ஏமாறுகிறது, கேஜ் உதவும். இரண்டுக்கும் ஒரே கட்டம், ஒரே அளவுகோல், ஒரே பச்சை.

அந்த வரி எப்படி இருந்திருக்கணும்

குறை சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். மாற்று இதுதான், மொத்தம் அரை மணி நேர வேலை:

1. டேங்கின் வெளியேறும் குழாயிலிருந்து ஷவர் வரை செங்குத்து உயரம் எத்தனை மீட்டர், சோதித்தபோது டேங்கில் தண்ணீர் எவ்வளவு.
2. வீட்டில் மிக உயரமான, மிகத் தூரமான குழாயில் பத்து லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி. தனியாக ஒரு தடவை, இன்னொரு குழாய் திறந்திருக்கும்போது ஒரு தடவை.
3. சோதித்த நேரம். முடிந்தால் காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில்.
4. இறங்கும் பைப் ஜிஐயா, சிபிவிசியா, எத்தனை அங்குலம், எத்தனை வீட்டுக்குப் பொது.
5. ஓட்டம் குறைவாக இருந்தால், குழாய் வாயின் சல்லடையைக் கழற்றியும் ஆங்கிள் காக்கை முழுசாகத் திறந்தும் மறுபடி ஒரு தடவை.
6. பத்து மாடிக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் கேஜ் அளவு, அழுத்தம் குறைக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்பது.

'திருப்தி' என்ற சொல்லை எடுத்துவிடலாம். யாருக்குத் திருப்தி என்பதை வீட்டில் குளிக்கப்போகிறவர் முடிவு பண்ணிக்கொள்வார். வாளியில் குளித்துப் பழகியவருக்கு நாலு நிமிஷம் ஒரு பொருட்டே இல்லை. ஃபிரன்ட் லோட் மெஷின் வைக்கப்போகிறவர், அதன் கையேட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அழுத்தத்தை அந்த உயரத்தோடு ஒப்பிட்டுக்கொள்வார். அது மாடலுக்கு மாடல் மாறும். 0.3 பாரில் ஓடுவதும் உண்டு, ஒரு பார் கேட்பதும் உண்டு.

நூற்று எண்பது பாயின்ட் பார்க்கிறவருக்கு இது கூடுதல் பாரம் என்ற பதில் வரும், தெரியும். அப்படியானால் அந்தக் கட்டத்தில் 'சோதிக்கவில்லை' என்று எழுதலாம். அது நேர்மையான வரி. அதைப் படித்திருந்தால் நானே ஒரு வாளியோடு போயிருப்பேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றே வண்ணம்.

இது ரசனைப் பிரச்சினை மட்டும் இல்லை. அக்கா வாங்கியது பழைய வீடு, யாரையும் கேட்க முடியாது. ஆனால் புது வீடு வாங்குகிறவர்களுக்கு 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-வது பிரிவு ஒரு பிடி கொடுக்கிறது: வீட்டை ஒப்படைத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ சேவைகளிலோ குறை தெரிந்து சொன்னால், கட்டியவர் முப்பது நாளுக்குள் இலவசமாகச் சரிபண்ணித் தர வேண்டும். ஷவர் சரியாக வராதது அந்தக் கணக்கில் வருமா என்று அவர்கள் வாதாடுவார்கள். அப்போது ஒப்படைத்த அன்றே எடுத்த 'இவ்வளவு விநாடி' என்ற எண் கையில் இருந்தால் அது உங்களுக்காகப் பேசும். 'நீர் அழுத்தம்: திருப்தி' என்று நீங்களே பணம் கொடுத்து வாங்கிய காகிதம் இருந்தால், அது யாருக்காகப் பேசும் என்று சொல்லத் தேவையில்லை.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். படிவம் தப்பு, சரி. ஆனால் மொட்டை மாடிக்கு அடுத்த வீடு என்று எனக்குத் தெரியும். ஒரு மீட்டர் தண்ணீர் எவ்வளவு அழுத்தம் என்று பி.இ. முதல் வருஷத்தில் படித்திருக்கிறேன். 40 பிஎஸ்ஐ என்ற எண்ணைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு பெருக்கல் போட்டிருந்தால் பத்து விநாடியில் மாட்டியிருக்கும். எண்ணும் அலகும் இருந்ததால் யாரோ அளந்திருப்பார்கள் என்று நம்பிவிட்டேன். அலகு போட்ட பொய் வெறும் பொய்யைவிட மரியாதையாகத் தெரிகிறது, எனக்கே கூட.

கீழ் வீட்டு அம்மாவின் குளியலறைக் கூரையில் புதுசாகப் பூசிய இடம் மட்டும் இன்னும் வெள்ளையாகத் தனியாகத் தெரிகிறது. போன வாரம் பார்த்தபோது, "இப்ப சொட்டல தம்பி, ஆனா ராத்திரி எழுந்தா ஒரு தடவை மேல பாத்துட்டுத்தான் படுக்கிறேன்" என்றார்.

அடுத்த மாசம் நண்பர் ஒருவருக்கு தாம்பரத்தில் புது ஃபிளாட் சாவி கொடுக்கிறார்கள். பன்னிரண்டாவது மாடி, மேலே இன்னும் இரண்டு மாடி இருக்கிறது. வாளி, இன்ச் டேப், பத்து மீட்டர் டியூப், கேஜ் எல்லாம் ஒரு பையில் தயாராக இருக்கின்றன. காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வரும் எண்களை இங்கே எழுதுகிறேன்.